ஐந்நூற்று மூன்று

கொடைக்கானல்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.
மதுரையில் குளிரென்பது
ஃபேனை நாலிலிருந்து ஒன்றுக்குத் திருப்புவது.
விடிகாலையில் பைப்புத் தண்ணீர் லேசாகக் கடிக்கும்,
அவ்வளவுதான்.
ஆனால் மீட்டருக்குத் தெரியும்.
மீட்டர் படிக்கிறவளுக்கும்.

ஞானஒளிவுபுரத்துச் சந்துகள் என் கணக்கில்.
ஆள் முகம் மறந்துபோகும்; எண் மறக்காது.
எந்த வீட்டுக்கு ஏசி வந்தது,
எந்த வீட்டுப் பையன் துபாய் போய்
ராத்திரி விளக்கு ஒன்று குறைந்தது,
எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும்,
பல்லி முட்டைக்குப் பக்கத்தில்.

எமரன்சியா அக்கா வீட்டு எண்
எப்போதும் ஐந்நூறுக்கு முன்னால் நின்றுவிடும்.
நானூற்றுத் தொண்ணூற்றாறு.
நானூற்றுத் தொண்ணூற்றெட்டு.
போன ஆடியில் அச்சாக ஐந்நூறு.
அன்றைக்கு எனக்கு மோர் கிடைத்தது.
ஒன்று கூடினால் அடியிலிருந்தே ரேட் மாறும்,
இருநூற்றுச் சொச்சம் கையைவிட்டுப் போகும்.

ஏழு பேர் புழங்குகிற வீட்டில்
இது தானாக நடக்காது.
தினசரிக் காலண்டர் தாள் ஒவ்வொன்றிலும்
ராகுகாலத்துக்கு மேலே பேனாவில் அன்றைய ரீடிங்.
அயர்ன் பாக்ஸ் ஒயரைப் பிடுங்கிய பிறகுதான்
கைக்குட்டைகளின் முறை.
மொட்டைமாடியில் நாற்பதடிக் கறுப்பு ஹோஸ்,
கைமுறுக்கு மாதிரிச் சுற்றி வெயிலில் கிடக்கும்.
மூன்று மணிக்குத் திறந்தால்
முதல் பக்கெட்டில் கை வைக்க முடியாது.
அதனால் மார்கழியில் அந்த வீட்டில்
யாரும் காலையில் குளிப்பதில்லை.
“பூசைக்கு மூஞ்சி கழுவினாப் போதும்,
ஆண்டவர் முதுகையா பாக்கப் போறாரு?”

டிசம்பர் நட்சத்திரத்தையும்
வாசலில் கட்டவில்லை அவள்.
தெருவிளக்குக் கம்பத்தை ஒட்டிய மதில் மூலையில்,
உள்ளே பல்பு இல்லாமல்.
கார்ப்பரேஷன் வெளிச்சம் பின்னாலிருந்து விழ,
சிவப்புத் தாள் முழுக்கப் பற்றிக்கொண்ட மாதிரி.
அந்தத் தெருவிலேயே
பெரிய நட்சத்திரம் அதுதான்.

ஜனவரி எட்டு.
ஒயரைப் பொருத்தினேன்.
ஐந்நூற்று மூன்று.
கழற்றி, துடைத்து, மறுபடி பொருத்தினேன்.
உள்ளே சாம்பிராணி வாசம், புதிதாக ஒரு அழுகை.
குளியலறைக்கு வெளியே
கீசர் வந்த அட்டைப்பெட்டி,
அதன் மேல் துவைத்த துணிகள், எல்லாம் உள்ளங்கை அளவு.

“மூணுதானேம்மா,
அடுத்த தடவைக்குச் சேத்துப் போட மாட்டியா?”
கேட்டுவிட்டு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள்.
கையால் எழுதுகிற காலமென்றால் என்ன செய்திருப்பேனோ,
தெரியாது.
இப்போது மெஷின் நேராக எடுத்துக்கொள்கிறது.
என் விரலுக்கு மிச்சமிருப்பது
பிரிண்ட் பட்டன்.

காலண்டரில் கிழித்த தாளொன்றை
சேலை மடிப்பிலிருந்து எடுத்தாள்.
இருபத்தொன்பதாம் தேதி. வட்டம் போட்டிருந்தது.
“பிள்ளைக்குச் சளி. வெந்நி புடிச்சிட்டு
அணைக்காமத் தூங்கியாச்சு.
விடிய விடிய அந்தச் செவப்பு லைட்டு
எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சிருக்கு.”
யாரு மறந்தது என்றேன், சும்மா.
கூடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.
“நான்தான்.
எல்லாரும் மருமகன்னு நெனச்சிட்டிருக்காங்க.
திண்டுக்கல்காரரு, வெந்நி இல்லாமக் குளிக்க மாட்டாரு.
நானும் ஒண்ணும் சொல்லல.”

அதற்குள் அவரே வந்துவிட்டார்,
தோளில் ஈரத் துண்டு.
சீட்டை வாங்கிப் பார்த்தவர்
போனை எடுத்தார்.
“நானே கட்டிர்றேன் அத்தை. என்னாலதானே.”

அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.
நான் மீட்டர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன்.
அதன் கொக்கி கொஞ்சம் துரு,
மூட நேரமாகும்.

“இருங்க, காப்பி சாப்பிட்டுக் கட்டலாம்”
என்றாள் அவரிடம்.
அடுப்பில் ஏற்கெனவே
பிள்ளைக்கு வைத்த வெந்நீர் இருந்தது.

மதிலைத் தாண்டும்போது
நட்சத்திரம் தோளில் உரசியது.
பகலில் வெறும் தாள்.
அடுத்த வீடு பூட்டியிருந்தது;
அதன் மீட்டர் வெளியே.